பவுண்டுக்குத் தேடி வந்தவர்

எழுத உட்காருவதற்கே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவன் நான். அதற்குப் பிறகு என் கை எழுதியதெல்லாம் மற்றவர்கள் சொல்லச் சொல்ல எழுதிய கடிதங்கள்தான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாட்டைக்கூட உதட்டை மட்டும் அசைத்துப் பாடுகிறவன். இப்படிப்பட்டவன் தன் வாழ்க்கையில் நடந்ததை ஊராருக்குச் சொல்லக் கிளம்புவது அதிகப்பிரசங்கம் என்று படிப்பவர்கள் நினைத்தால், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். மன்னிக்க வேண்டும். என் மனைவிதான் விடவில்லை. "வாயாலதான் சொல்ல மாட்டேங்கிறீங்க, கையாலயாவது சொல்லுங்க" என்று இந்தக் காகிதங்களை வாங்கி வந்து வைத்துவிட்டாள்.

யுத்த காலத்தில் நான் திருத்தணியில் மாட்டுப் பவுண்டுக் காவலனாக இருந்தேன். அடுத்தவர் பயிரில் மேய்ந்த மாடுகளையும், தெருவில் அலையும் மாடுகளையும் பிடித்து வந்து அடைக்கிற இடம் பவுண்டு. எங்கள் ஊர்ப் பவுண்டு நந்தியாற்றுக்குப் போகிற வழியில், கடைசி வீடுகளையும் தாண்டி இருந்தது. ஆள் உயரத்துக்கு மண்சுவர். அதன் மேல் முள். ஒரே ஒரு கம்பிக் கதவு. உள்ளே ஒரு வேப்பமரம், ஒரு தண்ணீர்த் தொட்டி, மழைக்கு ஒதுங்க ஓரமாக ஒரு கூரை. கதவை ஒட்டி வெளிப்புறத்தில் காவலனுக்கு என்று ஒரு அறை. அந்த அறைதான் எங்கள் வீடு. வேலை இருக்கும்வரை அறை. வேலை போனால் அறையும் போகும். அதற்கு முன்னால் நானும் என் மனைவியும் அவள் அண்ணன் வீட்டு மாட்டுக்கொட்டகையில் சாக்கு கட்டி மறைத்துக்கொண்டு குடியிருந்தோம். ஆகவே அந்த அறையின் அருமை எனக்குத் தெரியும்.

பவுண்டு வேலையில் கஷ்டம் ஒன்றும் இல்லை. மாட்டுக்காரன் வருவான், அபராதத்தைக் கட்டுவான், ஓட்டிக்கொண்டு போவான். எப்போதாவது ஒரு கன்றுக்கு இரண்டு பேர் வந்து நிற்பார்கள். அப்போது எனக்கு முன்னால் இருந்த காவலன் சொல்லிக் கொடுத்த ஒரு வழக்கத்தை நானும் வைத்திருந்தேன். இரண்டு பேரையும் கதவுக்கு வெளியே நிறுத்துவேன். ஒவ்வொருவராகக் கூப்பிடச் சொல்வேன். எந்தக் குரலுக்கு மாடு தலையைத் திருப்பி வருகிறதோ, அவனுடையது அது. இதில் சண்டை வந்ததே இல்லை. மாட்டின் தீர்ப்பை எதிர்த்து யார் வழக்காடுவது?

இனி ஆட்களின் கதைக்கு வருகிறேன்.

யுத்தத்தில் நூல் கிடைக்காமல் போயிற்று. பொதட்டூர்பேட்டையில் தறிகள் நின்றன. தறிக்காரர் வீட்டிலேயே ஒண்டிக்கொண்டு நெய்தவர்களுக்குத் தறி நின்றால் வீடும் இல்லை. பள்ளிப்பட்டுப் பக்கத்தில் மழை பொய்த்து, கூலிக்காரர்களும் கிளம்பினார்கள். எல்லோரும் வந்து சேர்ந்த இடம் மலையடிவாரம். யாத்திரைக்காரர்கள் வருகிற இடம், ரயில் நிற்கிற இடம், யாராவது ஒரு கை கூழ் ஊற்றுகிற இடம். அடிவாரத்தில் ஒரு செட்டியார் குடும்பத்தின் தர்மச் சத்திரம் இருந்தது. அதன் வெளி நடையிலும் படிகளிலும் இவர்கள் படுத்தார்கள். சத்திரத்தார், 'இது யாத்திரைக்காரர்களுக்குக் கட்டியது, ஊரில் வீடில்லாதவர்களைப் பார்ப்பது போர்டின் கடமை' என்றார்கள். பஞ்சாயத்து போர்டார், 'உங்கள் படியில் படுத்திருப்பவர்கள் உங்கள் பொறுப்பு' என்றார்கள். சத்திரத்து எல்லைக்கும் போர்டு ரோட்டுக்கும் நடுவே ஒரு சாக்கடை. இந்தப் பக்கத்து ஆள் விரட்டினால் அந்தப் பக்கம் தாண்டுவார்கள். அந்தப் பக்கத்து ஆள் விரட்டினால் இந்தப் பக்கம்.

ஒரு மார்கழிக் காலையில் ஒரு கிழவர் அந்தச் சாக்கடைக்குக் குறுக்கே செத்துக் கிடந்தார். தலை போர்டு ரோட்டில், கால் சத்திரத்து மண்ணில். யார் எடுத்து அடக்கம் செய்வது என்று இரண்டு தரப்பும் பேசிக்கொண்டே இருந்தார்கள். வெயில் ஏறிற்று. கடைசியில் ஜட்கா வண்டிக்காரர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். அன்றைக்கு ஊரில் எல்லோருக்கும் தலைகுனிவாக இருந்தது. அதற்குப் பிறகுதான் போர்டும் சத்திரமும் உட்கார்ந்து பேசி ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொண்டார்கள். சுற்றுப்பக்கத்துப் பஞ்சாயத்துகளும் அதில் கையெழுத்திட்டன.

அந்த ஒப்பந்தத்தை நான் குறை சொல்லவில்லை. அதனால் பலர் பிழைத்தார்கள். சத்திரத்தார் வெளி நடையில் படுக்க இடம் கொடுத்து, மத்தியானம் ஒருவேளை கேழ்வரகுக் கூழ் ஊற்றுவது. போர்டார் இடத்தைப் பெருக்கி, தண்ணீர் கொடுத்து, காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, செத்தால் அடக்கம் செய்வது. வெளியூர்ப் பஞ்சாயத்துகள் தங்கள் ஊர்க்காரர் என்று தெரிந்தால் திரும்ப ஏற்றுக்கொள்வது. அதற்குப் பிறகு சாக்கடையில் யாரும் சாகவில்லை.

கடைசியில் ஒரு விதி சேர்த்தார்கள். ஆடிக் கிருத்திகைக்குக் காவடிக் கூட்டம் வரும்போது சத்திரம் காலியாக வேண்டும். ஆகவே முதல் நாள் பரணியன்றே வீடில்லாதவர்கள் எல்லோரையும் போர்டு தன் பொறுப்பில் எடுத்து ஓரிடத்தில் வைத்திருக்க வேண்டும். தெப்பம் முடிந்தபின் சத்திரத்து மணியக்காரரும் போர்டு குமாஸ்தாவும் சேர்ந்து வந்து நின்றால்தான் வெளியே விட வேண்டும். ஒருவர் மட்டும் வந்தால் விடக்கூடாது. பின்னால் 'உங்கள் ஆளைத் தொலைத்தது நீங்கள்' என்று ஒருவர் மீது ஒருவர் பழி போடாமல் இருக்கத்தான் அப்படி எழுதினார்கள். நல்ல எண்ணம்தான்.

போர்டிடம் சுவரும் கதவும் உள்ள இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது என் பவுண்டு.

அடுத்து வந்த ஆடிப் பரணியன்று காலையில் மாடுகளை வெளியே அனுப்பிவிட்டு, சாணத்தை வாரி, நானும் என் மனைவியும் தரையெல்லாம் தண்ணீர் தெளித்தோம். சுகாதார மேஸ்திரி ஆட்களை நடத்திக்கொண்டு வந்தார். கிழவர்கள், கைக்குழந்தைக்காரிகள், கண் தெரியாத ஒருவர், அவருக்குக் கோல் பிடிக்கிற அவர் பெண்டாட்டி. ஒவ்வொருவரும் கதவைத் தாண்டும்போது என் முகத்தைப் பார்த்தார்கள். நான் பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர்களில் ஒருவர் பழைய ஜட்காக்காரர். குதிரை செத்தபின் சத்திரத்துப் படிக்கு வந்து சேர்ந்தவர். உள்ளே வந்ததும் தொழுவத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"ஏன் நைனா, நாங்க எந்தக் கொல்லையில மேஞ்சோம்னு கேட்டுச் சொல்லேன். தெரிஞ்சா ஏப்பமாவது வுடலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தபடியே நிழலில் இடம் பிடித்தார்கள்.

கடைசியாக வந்தவள் ஒரு பெண், பொதட்டூர்பேட்டைக்காரி. நாற்பது வயதிருக்கும். அவளை மேஸ்திரி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். சத்திரத்துத் தூணைக் கட்டிக்கொண்டு வரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாளாம். உள்ளே தள்ளிப் பூட்டியதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னிடம் விஷயத்தைச் சொன்னாள். அழவில்லை. கடையில் சாமான் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னாள்.

அவளுக்குப் புருஷன் இல்லை. கூடப் பிறந்தவன் ஒரு தம்பி. இருவரும் ஒரே தறிக்காரர் வீட்டில் இருந்தார்கள். தறி நின்றதும் அந்தத் தெருவே காலியாயிற்று. தம்பி அவளைத் திருத்தணிக்கு அழைத்துவந்து, சத்திரத்துப் படியில் உட்கார வைத்துவிட்டுப் பம்பாய் மில்லுக்கு ரயில் ஏறினான். 'ஆடிக் கிருத்திகைக்கு வந்துடறேன், இதே படியில இரு' என்று சொல்லிவிட்டுப் போனான். போன கிருத்திகைக்கு வரவில்லை. லீவு கிடைத்திருக்காது என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள். இருவருக்கும் எழுத்துத் தெரியாது. அவளுக்கு விலாசம் இல்லை, அவனுக்கும் இல்லை. அவனுக்குத் தெரிந்த ஒரே இடம் அந்தப் படி. நாளைக்கு அவன் வந்து அந்தப் படியைப் பார்த்து, அவள் இல்லையென்றால் செத்துவிட்டாள் என்றுதான் நினைப்பான். திரும்பிப் போய்விடுவான். அப்புறம் எந்தக் கிருத்திகைக்கும் வரமாட்டான்.

"நாளைக்கு ஒரு நாளு மட்டும் வுடு நைனா. பொழுது சாய நானே வந்து உள்ள ஒக்காந்துக்கறேன்."

குமாஸ்தாவும் மணியக்காரரும் சேர்ந்து வந்தால்தான் முடியும் என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவள் இரண்டாம் முறை கேட்டாள். நான் இரண்டாம் முறையும் அதையே சொன்னேன். சாவி என் அரைஞாணில் இருந்தது. ஆனால் அந்தக் கதவை விட்டு நானும் நாலடி நகர முடியாது. நான் இல்லாத நேரத்தில் ஒருவர் சுவரேறிக் குதித்தால் அன்றைக்கே என் சட்டிபானை ரோட்டுக்கு வந்துவிடும். அவள் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றாள், நான் இந்தப் பக்கம் நின்றேன். அவ்வளவுதான் வித்தியாசம் என்று அப்போது தோன்றியது.

அன்று மத்தியானம் மேஸ்திரி இன்னொரு அம்மாளைக் கொண்டுவந்து விட்டார். அறுபது வயதிருக்கும். மஞ்சள் தோய்ந்த பழஞ்சேலை, வெறுங்கால், கழுத்தில் காதில் ஒன்றும் இல்லை. முந்தானையை ஏந்தி வீடு வீடாகப் பிச்சை கேட்டுக்கொண்டிருந்தாளாம். பெயர் கேட்டால் சொல்லவில்லை, ஊர் கேட்டாலும் சொல்லவில்லை. "ஊமை" என்றார் மேஸ்திரி. அவரும் என்னைப்போல வேதக்காரர், என் சபைதான். பிச்சை எடுப்பவரைப் பிடித்து வா என்றார்கள், பிடித்து வந்தார். அந்த அம்மாள் முந்தானையில் இருந்த அரிசி சிந்தாமல் மடியில் முடிந்துகொண்டு, மரத்தடியில் கிழக்குப் பார்த்து உட்கார்ந்தாள். சத்திரத்திலிருந்து வந்த கூழை வாங்க மாட்டேன் என்று கையை ஆட்டினாள். மடியில் அரிசியை வைத்துக்கொண்டு பட்டினி கிடக்கிறாளே, புத்தி சரியில்லை போலும் என்று நானும் நினைத்தேன்.

என் மனைவி பக்கத்தில் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். "கால்ல வெடிப்பே இல்லிங்க. செருப்புப் போட்டு நடந்த கால் அது." எங்களுக்கு அதற்குமேல் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியவர்கள் உள்ளே இருந்தார்கள். ஆனால் அவர்களை யாரும் கேட்கவில்லை. அவர்களாகவும் சொல்லவில்லை. ஜட்காக்காரர் மட்டும் அந்த அம்மாளுக்கு நல்ல நிழலை விட்டுக்கொடுத்துத் தள்ளிப்போய் உட்கார்ந்தார்.

மறுநாள் கிருத்திகை. விடிந்ததிலிருந்து பம்பையும் அரோகராவும் மலைப் பக்கத்திலிருந்து காற்றில் வந்துகொண்டிருந்தன. ஆடிக்காற்று, கண்ணைத் திறக்க முடியாத புழுதி. பேட்டைக்காரப் பெண் கம்பியை விட்டு நகரவே இல்லை. ரோட்டில் போகிற ஒவ்வொரு ஆணையும் பார்த்தாள். எங்கள் ரோட்டில் அன்றைக்கு யார் வரப்போகிறார்கள்? காவடிகள் எல்லாம் ஸ்டேஷனிலிருந்து நேராக மலைக்குத்தான் போகும்.

அப்போது ஒரு வில்வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. குமாஸ்தா முதலில் குதித்தார். வேர்த்து வழிந்தார். பின்னாலேயே பட்டுக் கரை வேட்டி கட்டிய ஒருவர், "அத்தம்மா, அத்தம்மா" என்று கத்திக்கொண்டு இறங்கினார். ஊமை என்று நாங்கள் நினைத்த அம்மாள் எழுந்து நின்றாள். அவள் ஆந்திரப் பக்கத்துப் பெரிய குடும்பத்துக்காரி. மகளுக்குப் பிள்ளைப்பேறு நல்லபடி நடந்ததற்காக, மௌனமாக மடிப்பிச்சை எடுத்து அந்த அரிசியை மலையில் செலுத்துவதாக வேண்டிக்கொண்டவள். வேண்டுதலை முடிக்கும்வரை பேசவும் கூடாது, சாப்பிடவும் கூடாது. கூட்டத்தில் வீட்டாரை விட்டுப் பிரிந்தவளை மேஸ்திரி பிடித்துவிட்டார். மாட்டுத்தொழுவத்தில் ஒரு ராத்திரி கிடந்தபோதும், தான் யார் என்று ஒரு வார்த்தை அவள் சொல்லவில்லை.

குமாஸ்தா என்னிடம் கதவைத் திற என்றார். மணியக்காரர் வரவில்லையே என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள், என் இடுப்பிலிருந்து அவரே சாவியை உருவித் திறந்துவிட்டார். மருமகன் தெலுங்கில் என்னை வைதார். அந்த அம்மாள் கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள். திரும்பி, உள்ளே இருந்தவர்களைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். என்னையும் பார்த்துக் கும்பிட்டாள். வண்டி போயிற்று. குமாஸ்தா சாவியை என் கையில் போட்டு, கதவை ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, காலரா ஊசி போடும் இடத்தில் வேலை இருக்கிறது என்று ஸ்டேஷனுக்குப் போய்விட்டார்.

வண்டி கிளப்பிய புழுதி அடங்கிற்று. பிறகு ஜட்காக்காரர் சொன்னார்.

"ஆங்... ஆள் வந்தா தொறக்கும். இப்ப தெரிஞ்சிச்சு. நம்பளத் தேடிகினு வர்றதுக்கு யாரு இருக்கறாங்கோ? என் குதிரதான் வரணும், அதுவும் போயிட்ச்சு."

அவர் எதையும் மனதில் வைத்துச் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் அந்த வார்த்தை எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மாட்டுக்காரன் வந்தால் மாட்டை விட வேண்டும் என்று பவுண்டுக்கு விதி இருக்கிறது. ஆட்களுக்காக எழுதிய ஒப்பந்தத்தில் கூழ் உண்டு, ஆஸ்பத்திரி உண்டு, அடக்கம் உண்டு. இவர்களைத் தேடி ஒருவர் வந்தால் என்ன செய்வது என்று மட்டும் இல்லை. அப்படி ஒருவர் வருவார் என்று எழுதியவர்கள் யாருக்கும் தோன்றவில்லை.

நான் என் மனைவியைக் கூப்பிட்டு, சத்திரத்துப் படியில் போய் நின்று பார்க்கச் சொன்னேன். தம்பி எப்படி இருப்பான் என்று அவள் கம்பியருகே போய் விசாரித்துக்கொண்டாள். ஒல்லி, கறுப்பு, தலை நிறையச் சுருட்டை முடி. "அந்த முடிய வெச்சே கண்டுபுடிச்சிடலாம்மா, கருவண்டு மொய்ச்சாப்புல இருக்கும்" என்று சொல்லி அனுப்பினாள் பேட்டைக்காரப் பெண்.

என் மனைவி உச்சி வெயிலுக்குத் திரும்பி வந்தாள். முகம் சிவந்து, தலை முழுக்கப் புழுதி. தொட்டித் தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டு என்னிடம்தான் முதலில் சொன்னாள்.

"கிருத்திகை அன்னிக்கு முடிய அடையாளம் சொல்லி அனுப்பினீங்களே. அங்க இருக்கற ஆம்பளைங்க அத்தனை பேரும் மொட்டைங்க. சந்தனம் பூசிகினு ஒண்ணுபோல நிக்கறானுங்க. யாரைன்னு கேக்கறது?"

எனக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை. ஊரில் பிறந்து வளர்ந்தும், வேதக்காரர்கள் என்பதால் அன்றைக்கு மலையேறாத எங்கள் இரண்டு பேருக்கும் அது தோன்றாதது பெரிதில்லை. பேட்டைக்காரப் பெண்ணுக்கும் தோன்றவில்லை. அவள் மனசில் அவன் இன்னும் ரயில் ஏறிய அன்றைக்கு இருந்தபடியே இருந்தான்.

படியில் யாராவது ஒருவன் அக்காவைக் கேட்டானா என்று விசாரித்தேன். படி எங்கே தெரிந்தது, ஜனங்கள் ஒருவர் மேல் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றாள் என் மனைவி. அதைக் கேட்டதும் பேட்டைக்காரப் பெண் கம்பியை விட்டாள். மரத்துக்குப் பின்னால் சுவரோரமாகப் போய், முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்துவிட்டாள். கூழ் வந்தது. எழுந்திருக்கவில்லை. குழந்தைக்காரி ஒருத்தி போய் உலுக்கிப் பார்த்தாள். "உசுரு இருக்குது, வுடுங்க" என்றாள் முந்தானைக்குள்ளிருந்தே.

நான் கதவுக்கு வெளியே கல்லில் உட்கார்ந்திருந்தேன். மலைப் பக்கம் சத்தம் ஓயவே இல்லை. ஊரே வெளியே இருந்தது. நாங்கள் மட்டும் உள்ளே இருந்தோம்.

வெயில் தாழ்கிற நேரத்தில் ஒருவன் வந்தான். மொட்டைத் தலை, காய்ந்த சந்தனம், தோளில் ஒரு பை. சத்திரத்து வாசலில் பூ விற்பவள் சொன்னாளாம், படியில் இருந்தவர்களையெல்லாம் பவுண்டில் அடைத்திருக்கிறார்கள் என்று. காலையிலிருந்து படியிலேயே நின்றுவிட்டு, மலையைச் சுற்றித் தேடிவிட்டு, கடைசியில்தான் பூக்காரியைக் கேட்டிருக்கிறான்.

"எங்க அக்கா உள்ள இருக்குதுங்களா? பேட்ட அக்கா."

கல்லிலிருந்து எழுந்துவிட்டேன். இருந்தாலும் உடனே ஆமாம் என்று சொல்லவில்லை. அந்த நாட்களில் சத்திரங்களைச் சுற்றி ஒருவகை ஆட்கள் அலைந்தார்கள். ஆதரவில்லாத பெண்களை அக்கா என்பார்கள், சித்தி என்பார்கள், ரயிலில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அப்புறம் அந்தப் பெண்ணைப் பற்றித் தகவல் இருக்காது. எனக்குச் சொன்ன அடையாளம் சுருட்டை முடி. எதிரே நிற்பவன் மொட்டை. ஒல்லி, கறுப்பு என்றால் யுத்த காலத்தில் யார்தான் ஒல்லியாக இல்லை?

ஆகவே எனக்குத் தெரிந்த ஒரே வழியைச் செய்தேன். கதவுக்கு முன்னால் அவனை நிறுத்தி, "கூப்பிடு" என்றேன்.

அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அக்கா" என்று கூப்பிட்டான்.

மூன்று பெண்கள் எழுந்தார்கள்.

ஒருத்தி குழந்தைக்காரி. ஒருத்தி கண் தெரியாதவரின் பெண்டாட்டி. இன்னொருத்தி எழுபது வயதுக் கிழவி, பல்லே இல்லாதவள். மூவரும் கதவை நோக்கி வந்தார்கள், கொஞ்சம் வேகமாகவே வந்தார்கள். மாடுகள் இப்படி வந்து நான் பார்த்ததில்லை. தன் குரல் இல்லையென்றால் மாடு வராது. அவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான், தலையை ஆட்டினான். மரத்துக்குப் பின்னால் படுத்திருந்தவள் அசையவில்லை. காற்று அடித்ததில் கேட்டிருக்காதோ, தூங்கிவிட்டாளோ தெரியவில்லை. இவன் அவனில்லை போலிருக்கிறது என்று நான் நினைக்க ஆரம்பித்தேன்.

அவன் பையைக் கீழே போட்டுவிட்டு மறுபடி கூப்பிட்டான். இந்தத் தடவை கூப்பிட்டது மாதிரி இல்லை, வீட்டுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருந்தது.

"அக்கா, போன வருசம் லீவு குடுக்கலக்கா. இன்னா பண்றது சொல்லு."

முந்தானை விலகிற்று. அவள் எழுந்து உட்கார்ந்தாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். பிறகு மெதுவாக, காலில் முள் குத்தினவள்போல நடந்து வந்தாள். மூன்று பெண்களும் வழி விட்டார்கள். கம்பிக்குள் கையை விட்டு அவன் தலையைத் தடவினாள்.

"முடிய இன்னாடா பண்ண?"

"வேண்டுதல்க்கா. நீ கெடச்சா முடி குடுக்கறேன்னு வேண்டிகினேன்."

"கெடச்சப்புறம்தானேடா குடுக்கணும்?"

"ஆறு மணி வண்டிக்குத் திரும்பணும். எங்க நேரம் இருக்குது? முன்னாலயே குடுத்துட்டேன்."

"அவசரத்துக்குப் பொறந்தவனே" என்று அவன் மொட்டையில் ஒரு தட்டு தட்டினாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

தம்பி என்னைப் பார்த்தான். கையெடுத்துக் கும்பிட்டு, கதவைத் திறந்துவிடச் சொல்லிக் கேட்டான். மில் ஆட்களுக்கான லைன் வீட்டு வரிசையில் ஓர் அறை பிடித்திருக்கிறானாம், அக்காவுக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்கப் பணம் கொண்டுவந்திருக்கிறானாம். இந்த வண்டியை விட்டால் வேலை இருக்காது. அவன் சொன்னதெல்லாம் என் காதில் விழுந்தது. குமாஸ்தா ஸ்டேஷனில். மணியக்காரர் சத்திரக் கூட்டத்தில். இரண்டு பேரும் சேர்ந்து இந்தப் புழுதி ரோட்டில் வந்து நிற்கத் தெப்பம் முடிய வேண்டும். காலையில் குமாஸ்தா தனியாக வந்து திறந்தார். ஆனால் அவர் குமாஸ்தா. வில்வண்டியும் கூட வந்தது. நான் யார்?

என் மனைவி அறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்தேன். அந்த அறையையும் பார்த்தேன். அவள் பார்வை எனக்குப் புரிந்தது. அவளும் அண்ணன் வீட்டுக் கொட்டகையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். என் கை சாவியைப் பிடித்தபடியே இருந்தது. திறக்கவும் இல்லை, விடவும் இல்லை.

மரத்தடியிலிருந்து ஜட்காக்காரர் குரல் வந்தது. கேலியாக இல்லை.

"மாட்டுக்கு ஒரு நியாயம் வெச்சிருக்கியே நைனா. கூப்ட்டா வந்துச்சின்னா வுடுவ. வந்துட்டாங்க பாரு."

என் மனைவி உள்ளே போய், அந்தப் பெண் முதல் நாள் கம்பி வழியாக எங்களிடம் கொடுத்து வைத்திருந்த துணி மூட்டையை எடுத்துக்கொண்டு வந்து தம்பியின் கையில் கொடுத்தாள். அதற்குப் பிறகு நான் திறக்காமல் இருக்க முடியாது.

திறந்தேன். பேட்டைக்காரப் பெண் வெளியே வந்தாள். தம்பி மூட்டையையும் பையையும் ஒரு தோளில் போட்டுக்கொண்டு முன்னால் ஓட்டமாக நடந்தான். அவள் பின்னால் போனாள். வளைவில் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள், பவுண்டைப் பார்த்தாளோ எங்களைப் பார்த்தாளோ.

நான் கதவைச் சாத்திப் பூட்டினேன். அந்த மூன்று பெண்களும் கம்பிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்கள். திரும்பிப் போய் உட்காரவில்லை. கிழவிதான் பேசினாள்.

"யாருனா வந்து எங்களக் கேட்டா, இங்கதான் இருக்கறோம்னு சொல்லு நைனா."

"ஆங்" என்றேன்.

"மறந்துடாத."

மறக்க மாட்டேன் என்றேன். யார் வந்து கேட்பார்கள் என்று நான் அவளைக் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. பொழுது சாய்கிறவரை அவர்கள் அங்கேயே நின்றிருந்தார்கள். ரோட்டில் ஒரு நாய் போனால்கூட மூவரும் திரும்பினார்கள். நானும் திரும்பினேன். ஆறு மணி வண்டி கூவிக்கொண்டு போன சத்தம் கேட்டது. அதன்பின் மலைச் சத்தம் மட்டும்தான்.

அந்த வருஷம் ஐப்பசியில் என்னை அந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நாங்கள் மறுபடி அண்ணன் வீட்டுக் கொட்டகைக்குப் போய், அப்புறம் ஒருவாறு பிழைத்துக்கொண்டோம். பம்பாயிலிருந்து தகவல் ஒன்றும் வந்ததில்லை. அவர்களுக்கு எழுத்துத் தெரியாது.

கிருத்திகைக்கு மறுநாள் குமாஸ்தா வந்து ஆட்களை எண்ணினார். ஒருத்தி குறைகிறாளே என்றார். தம்பி வந்து அழைத்துப் போனான் என்றேன். எண்ணிக்கையை நோட்டில் எழுதிக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் கொல்லையில் மேய்ந்ததாக இரண்டு எருமைகளை ஓட்டிவந்தார்கள். தெப்பம் முடியாததால் ஆட்கள் இன்னும் உள்ளேதான் இருந்தார்கள்; இடமில்லாமல் அவற்றைக் கதவுக்கு வெளியே கட்டினேன்.